நான்கு விசிறியும் ஒரு பள்ளத்தாக்கும்

1858 ஏப்ரல் மாதம். அரிசோனாவில் கொலராடோ ஆறு பாறையை அறுத்துக்கொண்டு ஓடும் அதல பாதாளத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார் அமெரிக்க ராணுவ லெப்டினன்ட் ஜோசப் கிறிஸ்துமஸ் ஐவ்ஸ். அவர் வந்து சேர்ந்த கதையே பரிதாபம். பகுதி பகுதியாகக் கொண்டுவந்து ஆற்றின் முகத்துவாரத்தில் பூட்டிய இரும்பு நீராவிப் படகு, தண்ணீருக்கடியில் ஒளிந்திருந்த பாறையில் முட்டி நின்றது. மிச்ச தூரத்தைக் கோவேறு கழுதைகளும் ஹுவாலபாய் பழங்குடி வழிகாட்டிகளும் கடத்திக் கொடுத்தார்கள். அவ்வளவு பாடுபட்டு வந்தவர், இது எதற்கும் உதவாத இடம், இங்கே வந்த முதல் வெள்ளையர் கூட்டம் நாங்கள்தான், கடைசியும் நாங்களாகத்தான் இருப்போம் என்கிற தோரணையில் அறிக்கை எழுதிவிட்டுப் போனார். தலைமுறை தலைமுறையாக அந்த வட்டாரத்தில் குடியிருந்தவர்கள்தான் தனக்கு வழிகாட்டினார்கள் என்பது அவர் கணக்கில் வரவில்லை.

ஐவ்ஸை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. அவர் நின்ற இடம் அப்படி. கிராண்ட் கேன்யன் என்று இன்று அழைக்கப்படும் அந்தப் பள்ளத்தாக்கு 446 கிலோமீட்டர் நீளம், அகன்ற இடத்தில் 29 கிலோமீட்டர் அகலம், ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அடியில் நிற்பவருக்கு இரண்டு சுவர்களும் ஒரு துண்டு வானமும்தான் தெரியும். விளிம்பில் நிற்பவருக்கு எதிர்க்கரை தெரியும். ஆனால் இத்தனையையும் தோண்டிய ஆறு பல இடங்களில் கண்ணிலேயே படாது. சுற்றுவட்டார நிலமும் இதே ரகம். மேலே கெட்டியான மணற்பாறை, கீழே பொடியும் களிப்பாறை. கெட்டிப்பாறை மூடியிருக்கும் பகுதி மட்டும் மழைக்கும் காற்றுக்கும் தப்பி, உச்சி தட்டையான மேசாவாக நிற்கும். மூடி தேயத்தேய மேசா குறுகி, பியூட் எனப்படும் ஒற்றைக் குன்றாகும். ஐவ்ஸுடன் போன ஓவியர் எக்லோஃப்ஸ்டைன் வரைந்த படங்களில் அந்தப் பள்ளத்தாக்கு, கிணற்றில் விழுந்தவன் பார்த்த வானத்தைப் போல ஒடுங்கி இருண்டு கிடந்தது. அதை உள்ளபடி பார்க்க வேண்டுமானால் நடுவானில்தான் நிற்க வேண்டும். நடுவானில் நின்று படமெடுக்கும் முயற்சி அதே 1858இல் பாரிஸ் ஓரத்தில் நடந்துகொண்டிருந்தது. படுமோசமாக நடந்துகொண்டிருந்தது.

அதில் இறங்கியவர், நதார் என்ற புனைபெயரில் புகழ்பெற்ற புகைப்படக்காரர். கயிற்றில் கட்டிய பலூனில் ஏறி, மேலிருந்து ஊரைப் படம் பிடிப்பது அவருடைய திட்டம். அந்தக் காலத்தில் ஈரத்தகடு முறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். அதனால் பலூன் கூடைக்குள்ளேயே கறுப்புத் துணியில் ஓர் இருட்டறை. அத்தனை ஏற்பாட்டுக்கும் பலன், ஒவ்வொரு முறையும் கன்னங்கரேலென்று வந்த தகடு. மருந்தை மாற்றினார், பாத்திரத்தை மாற்றினார். கறுப்பு மட்டும் மாறவில்லை.

குற்றவாளி அவர் தலைக்கு மேலேயே இருந்தது. பலூனில் நிரப்பியிருந்தது தெருவிளக்கு எரிக்கும் வாயு. உயரப் போகப்போக அது விரிந்து, பலூனின் கழுத்து வழியே கூடைக்குள் கசியும். அதில் கலந்திருந்த ஹைட்ரஜன் சல்பைடு பட்டவுடன் வெள்ளி உப்பு கறுத்துவிடும். பின்னாளில் நதாரே சொன்ன கதைப்படி, ஓர் இரவு வாயு வீணாகக் கூடாதென்று பலூனை மூடி வைத்தார். குளிரில் வாயு சுருங்கியதால் காலையில் பலூன் எழ மறுத்தது. பாரத்தைக் குறைக்க மேல்கோட்டு, பூட்ஸ் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்ட பிறகுதான் கிளம்பியது. கழுத்து மூடியே இருந்ததால் அன்றைக்குக் கசிவும் இல்லை. தகட்டில் மங்கலாகச் சில கட்டடங்கள் விழுந்தன. உலகின் முதல் வான்வழிப் புகைப்படம் சிக்கனத்தால் பிறந்தது. அந்தப் படம் இன்று எங்கும் இல்லை, தொலைந்துவிட்டது.

பலூனைக் கொலராடோ பாலைவனத்துக்கு யார் கொண்டுபோவது? அங்கே உயரத்திலிருந்து பார்க்க ஆசைப்பட்டவர் பாறையைத்தான் பிடித்து ஏற வேண்டும். 1869இல் நான்கு படகுகளோடும் ஒன்பது ஆட்களோடும் இறங்கிய ஜான் வெஸ்லி பவல் அப்படித்தான் ஏறினார். உள்நாட்டுப் போரில் வலக்கையை இழந்தவர் அவர். ஒரு செங்குத்துப் பாறையின் பாதியில், மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் தொற்றிக்கொண்டு நின்றபோது, மேலே இருந்த பிராட்லி என்கிற ஆள் தன் நீள உள்ளாடையைக் கழற்றித் தொங்கவிட்டார். இருந்த ஒரே கையால் பவல் அதைப் பிடித்துத் தப்பினார். (வான்வழிக் காட்சியின் வரலாற்றில் கழற்றிய உடைகளுக்கென்றே ஒரு தனி அத்தியாயம் எழுதலாம்.) மூன்று மாதங்கள் கழித்து ஆற்றின் மறுமுனையில் வெளியே வந்தவை இரண்டு படகுகள், ஆறு பேர். பவல் கொண்டுவந்த செய்தி ஐவ்ஸின் அறிக்கைக்கு நேர் எதிர்: இது பார்க்க வேண்டிய இடம்.

பார்க்க வேண்டும் என்றான பிறகு, எப்படிப் பார்ப்பது என்பதற்கு உலகம் கிறுக்குத்தனமான பதில்களையெல்லாம் யோசித்தது. பிரான்சில் ஆர்தர் பத்யு 1880களின் கடைசியில் பட்டத்தில் கேமராவைக் கட்டினார். ஜெர்மனியில் யூலியஸ் நாய்ப்ரோனர் என்ற மருந்துக்கடைக்காரர், மருந்துச் சீட்டு சுமந்த தன் புறா ஒன்று பனிமூட்டத்தில் தொலைந்து நான்கு வாரம் கழித்துத் திரும்பி வந்ததைக் கண்டு, அது எங்கே போயிருக்கும் என்று யோசித்தார். விளைவு, புறாவின் மார்பில் கட்டும் தானியங்கிக் கேமரா. காப்புரிமை அலுவலகம் முதலில் நம்ப மறுத்தது. புறா எடுத்த படங்களையே கொண்டுபோய்க் காட்டி 1908இல் காப்புரிமை வாங்கினார். ஆனால் பட்டம் காற்றின் இஷ்டப்படி போகும். புறா கூட்டுக்குத்தான் போகும். நினைத்த இடத்தில் நிற்கும் இயந்திரம் ஒன்று வேண்டியிருந்தது. அது ஏற்கெனவே பிறந்து, செத்துக்கொண்டிருந்தது.

1907இல் பிரெஞ்சுக்காரர் லூயி பிரெகே, நான்கு மூலைக்கு ஒன்றாக நான்கு பெரிய விசிறிகள் பூட்டிய இயந்திரம் ஒன்றைச் செய்தார். அது தரையிலிருந்து சுமார் அறுபது சென்டிமீட்டர் எழும்பியது. குடைசாயாமல் இருக்க, நான்கு மூலையிலும் நான்கு பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 1922 டிசம்பரில், ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்துவிட்ட ஜார்ஜ் த போத்தேசாட் அமெரிக்க ராணுவத்துக்காக இன்னொன்றைப் பறக்கவிட்டார். காற்று அடித்த பக்கம் அது நகர்ந்தது. இரண்டே ஆண்டில் ராணுவம் கைகழுவியது. 1924 மே மாதம் எத்தியென் ஓமிஷேன் தன் நான்கு விசிறி வண்டியில் ஒரு கிலோமீட்டர் சுற்றி வந்து சாதனை படைத்தார். அதற்குமேல் அவராலும் முடியவில்லை.

கணக்கு எளிமையானது. இரண்டு விசிறிகள் வலமாகவும் இரண்டு இடமாகவும் சுழன்றால் வண்டி தன்னைத்தானே சுற்றாது. ஒரு பக்கத்து விசிறிகளின் வேகத்தைக் கூட்டினால் எதிர்ப்பக்கம் சாய்ந்து நகரும். ஆனால் ஒவ்வொரு கணமும் அது ஏதோ ஒரு பக்கம் சாயத்தான் பார்க்கும். நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அளந்து, திருத்தி, மறுபடி அளக்க வேண்டும். விமானிக்கு இருப்பதோ இரண்டு கை, இரண்டு கால். சிகோர்ஸ்கியின் ஒற்றைப் பெருவிசிறி ஹெலிகாப்டர் 1939இல் வந்ததும், நான்கு விசிறி யோசனையைத் தூக்கிப் பரணில் போட்டார்கள். அது பரவலாகப் புழக்கத்துக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேலானது.

இடைப்பட்ட காலத்தில் பள்ளத்தாக்கை மேலிருந்து காட்டும் வேலை சினிமாக்காரர்கள் கைக்குப் போனது. 1952 செப்டம்பரில் நியூயார்க்கில் திரையிடப்பட்ட 'திஸ் இஸ் சினிரமா' படத்தின் கடைசிப் பகுதிக்காக, பால் மான்ட்ஸ் என்ற சாகச விமானி பி-25 குண்டுவீச்சு விமானத்தின் மூக்கில் கேமராவைப் பொருத்தி அமெரிக்காவைக் குறுக்கே கடந்தார். சியோன் பள்ளத்தாக்கும் கிராண்ட் கேன்யனும் வளைந்த பெருந்திரையில் உருண்டு வந்தபோது, கூட்டம் நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பற்றியது. விமானத்தில் போகிறவர்களுக்கும் அந்தக் காட்சி வேண்டும் என்றானது. பயணிகளுக்குக் காட்டவென்று விமானிகள் பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிப் போவது அப்போது சாதாரணம்.

1956 ஜூன் 30 காலை, லாஸ் ஏஞ்சலஸிலிருந்து மூன்று நிமிட இடைவெளியில் இரண்டு விமானங்கள் கிளம்பின. டி.டபிள்யூ.ஏ. ஒன்று, யுனைடெட் ஒன்று. சுமார் ஒன்றரை மணி நேரம் கழித்து, 21,000 அடி உயரத்தில், கிராண்ட் கேன்யனுக்கு நேர் மேலே இரண்டும் மோதிக்கொண்டன. 128 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. டெம்பிள் பியூட், சுவார் பியூட் என்ற இரு குன்றுகளில் சிதைவுகள் கிடந்தன. விமானிகள் ஒருவரையொருவர் பார்க்காமல் போனதற்கான காரணங்களில் ஒன்றாக, பயணிகளுக்குப் பள்ளத்தாக்கை நன்றாகக் காட்ட முயன்றிருக்கலாம் என்பதையும் விசாரணை அறிக்கை குறிப்பிட்டது. நாடு கொதித்தது. 1958இல் அமெரிக்க வான்வெளி முழுவதையும் ஒரே குடையின்கீழ் கொண்டுவரும் எஃப்.ஏ.ஏ. என்ற அமைப்புக்குச் சட்டம் வந்தது. பள்ளத்தாக்கின் மேல் நடந்த விபத்தில் பிறந்த அந்த அமைப்பு, பிற்பாடு இந்தக் கதைக்குள் மறுபடி நுழையும்.

ஹெலிகாப்டரும் அந்தக் காட்சியைச் சும்மா கொடுக்கவில்லை. 'ரெட் பலூன்' எடுத்த பிரெஞ்சு இயக்குநர் ஆல்பர்ட் லமோரிஸ், ஹெலிகாப்டரின் அதிர்வு கேமராவுக்குப் போகாமல் தடுக்கும் ஹெலிவிஷன் என்ற கருவியை உருவாக்கினார். 1970இல் ஈரானில், கராஜ் அணைக்கட்டருகே படமெடுத்தபோது ஹெலிகாப்டர் விழுந்து இறந்துபோனார். அவருக்குப் பின் வந்தவர்கள் கேமராவைப் பந்து மாதிரியான கூட்டுக்குள் வைத்து, கைரோஸ்கோப்பால் நிலைநிறுத்தி, ஆடாத படம் எடுத்தார்கள். வாடகை மட்டும் பெரிய ஸ்டூடியோக்களுக்குத்தான் கட்டுப்படியானது. சாமானியன் கைக்கு இது வர வேண்டுமானால் இரண்டு விபத்துகள் நடக்க வேண்டியிருந்தது. வானத்தில் ஒன்று, தார்ச்சாலையில் ஒன்று.

வானத்து விபத்து முதலில். 1983 செப்டம்பர் 1 அன்று வழி தவறிச் சோவியத் வான்வெளிக்குள் போன கொரிய பயணிகள் விமானத்தைப் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. 269 உயிர்கள். ராணுவத்துக்கென்று தயாராகிக்கொண்டிருந்த ஜி.பி.எஸ். இனி எல்லோருக்கும் இலவசம் என்று அறிவித்தார் அதிபர் ரீகன். ஆனால் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தார்கள். நூறு மீட்டர் வரை தவறாகக் காட்டும். பள்ளத்தாக்கின் விளிம்பில் நூறு மீட்டர் என்பது வாழ்வுக்கும் சாவுக்கும் உள்ள தூரம். 2000 மே மாதத் தொடக்கத்தில், ஒரு நள்ளிரவில், அதிபர் கிளின்டன் உத்தரவுப்படி அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள்.

அடுத்தது தார்ச்சாலை. 1997 அக்டோபரில் ஸ்வீடனில் ஒரு கார் பத்திரிகை, புதிய மெர்சிடஸ் ஏ-கிளாஸ் காரைச் சோதித்தது. சாலையில் திடீரென்று காட்டுமான் குறுக்கிட்டால் எப்படி ஒடித்துத் திருப்புவார்களோ அப்படி ஓட்டிப் பார்த்தார்கள். கார் கவிழ்ந்தது. மானே இல்லாத இடத்தில் மானுக்குப் பயந்து கவிழ்ந்த கார் என்று ஐரோப்பா சிரித்தது. மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, சறுக்கலைத் தடுக்கும் மின்னணு ஏற்பாட்டை அந்தச் சிறிய காரில் கட்டாய அங்கமாக்கியது நிறுவனம். அதற்கு, கார் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அளக்கும் கைரோ வேண்டும். அடுத்த ஆண்டே பாஷ் நிறுவனம், சிலிக்கானில் செதுக்கிய குட்டி கைரோவைக் கார்களுக்குத் தயாரிக்கத் தொடங்கியது. விமானங்களில் கனமான சக்கரமாகச் சுழன்ற கருவி, விரல்நுனியில் நிற்கும் சில்லாகச் சுருங்கியது. அங்கிருந்து அது போய்ச் சேர்ந்த இடம் குழந்தைகளின் விளையாட்டறை.

2009இல் நின்டெண்டோ நிறுவனம், வீ விளையாட்டின் ரிமோட்டில் செருகும் 'மோஷன் ப்ளஸ்' என்ற துண்டை விற்கத் தொடங்கியது. தொலைக்காட்சி முன் நின்று கையை வீசினால் திரையில் வாள் சுழல வேண்டும். அதற்காக உள்ளே கைரோ. பொழுதுபோக்காக மாதிரி விமானம் செய்கிறவர்கள் அதை வாங்கி, திருகாணியைக் கழற்றி, சில்லை வெளியே எடுத்து, நான்கு மோட்டார்களோடு சேர்த்தார்கள். மல்ட்டிவீ என்று ஒரு மென்பொருளே அதற்காக உருவானது. மெக்சிகோவின் திஹுவானா நகரிலிருந்து கலிபோர்னியாவுக்கு வந்து, வேலை செய்யும் அனுமதிக்காகக் காத்திருந்த ஜோர்டி முன்யோஸ் என்ற இளைஞர், அதற்கும் முன்பே வீ ரிமோட்டின் பாகத்தை வைத்துப் பொம்மை ஹெலிகாப்டரை நிலையாக நிற்க வைத்திருந்தார். 'வயர்டு' பத்திரிகையின் ஆசிரியர் கிறிஸ் ஆண்டர்சன் அவர் பேரில் நம்பிக்கை வைத்து 500 டாலர் காசோலை அனுப்பினார். இருவரும் பிற்பாடு கூட்டாகக் கம்பெனி தொடங்கினார்கள். பரணில் கிடந்த நான்கு விசிறி மெல்ல இறங்கி வந்தது. விமானியின் இரண்டு கைகள் செய்ய முடியாததைச் சில்லு செய்தது. கைப்பேசிகளின் புண்ணியத்தில் லித்தியம் பேட்டரியும் சின்னக் கேமராவும் விலை இறங்கிக் கிடந்தன.

இதற்கிடையில், 2005இல், ஹாங்காங் பல்கலைக்கழகம் ஒன்றில் வாங் தாவோ என்ற மாணவர் கடைசி ஆண்டு புராஜெக்ட் செய்துகொண்டிருந்தார். சிறுவயதில் அவருக்குப் பரிசாகக் கிடைத்த ரிமோட் ஹெலிகாப்டர் உடனே விழுந்து நொறுங்கியது. விழாத ஹெலிகாப்டர் செய்வதுதான் கனவு. வகுப்புக்கு அடித்த மட்டம், விடியற்காலை வரை கண்விழிப்பு. செய்துகாட்ட வேண்டிய நாளுக்கு முந்தின இரவு, அந்தரத்தில் நிற்க வேண்டியது நிற்கவில்லை. கிடைத்தது 'சி' கிரேடு. ஆனால் லீ ஸெசியாங் என்ற பேராசிரியரின் கண்ணில் பட்டார். மறு ஆண்டு ஷென்ஷென் நகரில் டிஜேஐ என்ற சின்னக் கம்பெனி பிறந்தது.

2013 ஜனவரியில் அந்தக் கம்பெனி ஒரு வெள்ளைப் பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விலை 679 டாலர். பிரித்தால் உள்ளே, பிரெகேயும் ஓமிஷேனும் கைவிட்ட அதே நான்கு விசிறி. கை எடுத்துவிட்டால் அந்தரத்தில் தானாக நிற்கும். ரிமோட் தொடர்பு அறுந்தால் ஜி.பி.எஸ். பார்த்துக் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும். பெயர் ஃபேன்டம். இன்று கல்யாண மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை அழைப்புக்கு மேலே ரீங்கரித்துக்கொண்டு, நிமிர்ந்து பார்க்கக்கூட யாருக்கும் தோன்றாத அளவுக்குச் சகஜமாகிவிட்ட ட்ரோன் கேமரா, இப்படித்தான் வீட்டுச் சாமான் ஆனது. முதல் ஃபேன்டத்தில் கேமரா கிடையாது. தனியாக வாங்கி மாட்ட வேண்டும், படமும் நடுங்கும். 2014 ஏப்ரலில், கேமராவை மூன்று அச்சிலும் ஆடாமல் பிடிக்கும் கிம்பலோடு புதிய ஃபேன்டம் வந்தது. லமோரிஸ் உயிரைக் கொடுத்துத் தேடிய ஆடாத படம் முதுகுப்பைக்குள் அடங்கியது. அதைத் தூக்கிக்கொண்டு அமெரிக்கர்கள் நேரே போன இடம் எது என்று சொல்லத் தேவையில்லை.

அதே ஏப்ரலின் தொடக்கத்தில், கிராண்ட் கேன்யன் விளிம்பில் சூரியன் மறைவதைப் பார்க்கக் கூட்டம் அமைதியாக உட்கார்ந்திருந்தது. இரைச்சலோடு ஒரு ட்ரோன் குறுக்கும் நெடுக்கும் பறந்து, கடைசியில் பள்ளத்தாக்குக்குள் விழுந்து நொறுங்கியது. சில வாரங்களில் சியோன் பூங்காவில் இன்னொரு ட்ரோன், பெருங்கொம்புக் காட்டாடு மந்தையைக் கலைத்துக் குட்டிகளைத் தாய்களிடமிருந்து பிரித்துவிட்டது. 2014 ஜூனில் தேசியப் பூங்காக்கள் எல்லாவற்றிலும் ட்ரோனுக்குத் தடை விழுந்தது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம். நவாஹோ மக்களும் தங்கள் பூங்காக்களில் கதவைச் சாத்தினார்கள். அவற்றில் ஒன்றான மானுமென்ட் வேலியின் மேசாக்களுக்கு மேலே பறக்கவிடக் கூடாது. பூங்காவுக்கு வெளியே பறப்பதற்கான விதிகளை எழுதும் பொறுப்பு யாருக்கு வந்தது? 1956 விபத்தில் பிறந்த எஃப்.ஏ.ஏ.வுக்கு. நூற்றைம்பது வருட ஏக்கத்தைத் தீர்க்க வந்த கருவிக்கு ஏங்கிய இடத்திலேயே அனுமதி இல்லை. தடை சரிதான் என்றே தோன்றுகிறது. அந்த விளிம்பில் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் பேர் நிற்கிறார்கள்! ஆளுக்கொரு ட்ரோன் எழும்பினால் அங்கே பார்க்க மிஞ்சுவது ட்ரோன்தான்.

ட்ரோன்காரர்கள் சோரவில்லை. யூட்டாவில் ஹாங்க்ஸ்வில் என்ற குட்டி ஊருக்கருகே, பூங்கா எல்லைக்கு வெளியே பொது நிலத்தில் நிற்கிறது ஃபேக்டரி பியூட். முன்பெல்லாம் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் ஜன்னல் வழியே ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாண்டிப்போன குன்று. அடிவாரத்திலிருந்து ட்ரோன் எழும்பும்போது முதலில் சாம்பல் நிறச் சுவர் மட்டும்தான்: சுமார் ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த கடலின் அடிச்சேறு இறுகிய களிப்பாறை. அதைத் தாண்டினால் மணற்பாறைக் கிரீடம். கிரீடத்துக்கு மேலே போய்க் கேமராவைக் கீழே சாய்த்த பிறகுதான் விஷயம் பிடிபடும். குன்றின் காலடியிலிருந்து நாலாபுறமும் நூற்றுக்கணக்கான ஓடைத்தடங்கள் கிளை பிரிந்து ஓடுகின்றன. அத்தனையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எப்போதோ பெய்யும் மழை கொஞ்சம் கொஞ்சமாகக் குன்றைக் கரைத்துச் சமவெளியில் பரப்பிக்கொண்டிருக்கிறது. காலை வெயில் சாய்வாக விழும் அரைமணி நேரத்தில் ஒவ்வொரு தடத்துக்கும் நிழல் விழுகிறது. வெயில் ஏறிவிட்டால் எல்லாம் தட்டையாகிவிடும். ட்ரோன்காரர்கள் இருட்டோடு எழுந்து போவது அதற்காகத்தான்.

கிராண்ட் கேன்யனிலோ கதை இன்னொரு பக்கம் திரும்பியது. ஆண்டுதோறும் அங்கே வழி தவறுகிறவர்கள், விழுகிறவர்கள் உண்டு. பாறைச் சுவரை ஒட்டி ஹெலிகாப்டரை நிறுத்துவது மீட்கப் போகிறவர்களுக்கே ஆபத்து. சுற்றுலாப் பயணிகளுக்குத் தடை போட்டுச் சில ஆண்டுகளுக்குள், 2017 தொடக்கத்தில், பூங்கா நிர்வாகம் சொந்தமாக ஒரு சிறிய ட்ரோன் அணியை வைத்திருந்தது. பயிற்சி பெற்ற ரேஞ்சர்கள் அதைப் பாறை இடுக்குகளுக்குள் இறக்கி, தொலைந்துபோனவர்களைத் தேடத் தொடங்கியிருந்தார்கள்.